பாதிப் பள்ளிக்கூடம் போனில்

நேற்று ரேஷன் துவரம்பருப்பை டப்பாவில் கொட்டும்போது எனக்கு லேப்டாப் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். அரூர் பக்கம் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில், நல்ல பூட்டு உள்ள ஒரே அலமாரி சத்துணவு அறையில்தான் இருந்தது. எங்களுக்கு வாய்த்த ஒற்றை லேப்டாப்பைப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவோம். காலையில் திறந்தால் பருப்பு வாசம் கிளம்பும். கணினி என்றாலே இப்படித்தான் மணக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த சமயம். ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். பயிற்சிக்குப் போய் வந்த வாத்தியாரை இரண்டு வாரத்துக்கு யாரும் நெருங்கக் கூடாது. கலப்புக் கற்றல் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாடத்தின் முதல் பாதியைப் பிள்ளைகள் வீட்டில் போனில் வீடியோவாகப் பார்க்க வேண்டும். மறுநாள் பள்ளியில் கையால் செய்ய வேண்டும். பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஒரு லேப்டாப் என்றிருந்த எனக்கு இது வரமாகத் தோன்றியது. விளக்குகிற நேரம் மிச்சமானால் ஆளுக்கு ஐந்து நிமிடமாவது மவுஸைத் தொடலாமே. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "இனிமே பாதிப் பள்ளிக்கூடம் உங்க போன்லயே இருக்குதுங்க" என்று முழங்கினேன். பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த அப்பாக்கள் கை தட்டினார்கள். தலைமையாசிரியை மட்டும் தட்டவில்லை. அவருக்கு என்னைவிட அனுபவம் அதிகம்.

வாட்ஸ்அப் எண்களை வாங்கினேனே தவிர, அந்த போன்கள் எந்த ஊரில் இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் பலர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இது எனக்குத் தெரியாத சங்கதியா என்ன?

முதல் வீடியோ, ஃபோல்டரை உருவாக்கிப் பெயர் வைப்பது. என் குரல், என் இருமல், நடுவில் ஒரு சேவல். மறுநாள் கேட்டால் யாருமே பார்க்கவில்லை. போன் அப்பாவோடு பஸ் ஏறிவிட்டது. நாலாம் வகுப்பு ஜனனி மட்டும் வந்து மளமளவென்று செய்து காட்டினாள்.

"எப்படிம்மா பாத்த?"

"நான் பாக்கலீங்க சார். அப்பா பாத்துட்டுச் சொன்னாங்க."

அவளுடைய அப்பா மாதேஷ் மனைவியோடு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தார். ஜனனி ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். மனிதர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வீடியோவைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பெரியம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு வரிவரியாகச் சொல்லியிருக்கிறார். ஆயுசில் கணினியைத் தொடாதவர். அப்புறம் எனக்கே கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்.

"சார், அந்த மஞ்சப் பொட்டிக்குள்ள இன்னொரு மஞ்சப் பொட்டி வெக்கலாங்களா?"

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். அந்தப் பக்கம் அவர் சந்தோஷமாகச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஜனனி மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் போகிற கூட்டத்திலெல்லாம் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த கொஞ்ச நாளில் மாதேஷ் கூப்பிட்டார். அவருக்குப் பையன் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"ஜனனி அம்மாவும் வேலைக்கு வந்தாத்தான் ஆவுதுங்க சார். கொழந்தயப் பாத்துக்க ஆளில்ல. ஜனனிய இங்கயே கூட்டியாந்துக்கறன்."

"படிப்பு?"

"பாடந்தான் போன்லயே வருதுங்களே. நீங்கதான சொன்னீங்க, பாதிப் பள்ளிக்கூடம் போன்ல இருக்குதுன்னு."

கிண்டல் இல்லை. மனிதர் நம்பித்தான் சொன்னார். மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது என்றேன். "அத அப்பறமா பாத்துக்கலாங்க சார்" என்றார். அங்கேயாவது ஒரு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். சரிங்க, சரிங்க என்றார். அப்படிப்பட்ட சரிகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். மறுநாள் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன்.

"மொத பஸ்ஸுக்கே போயிட்டாங்களே சார். வூட்ல அழுதுக்கிட்டேதான் கெளம்புனா."

வாயை மூடிக்கொண்டு பழைய முறையிலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையை அனுப்பி வைத்தது வறுமை என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். வறுமைக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அதன்பிறகும் வாரம் தவறாமல் அவளுக்காகவே வீடியோ அனுப்பினேன். வேறென்ன செய்ய? அப்பாவின் போனிலிருந்து அவள் குரலில் பதில் வரும். பின்னால் குழந்தை சிணுங்கும், கலவை மிஷின் ஓடும். அடுத்தடுத்து மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயின. பிறகு பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தார்கள், என்னை வேறெங்கோ மாற்றினார்கள். மாதேஷின் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. பெரியம்மாவும் ஊரில் இல்லை. என் பழைய போன் கெட்டபோது ஜனனியின் குரல் பதிவுகளும் அதோடு அழிந்தன. கடைசியாக வந்தது மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

"தம்பி தூங்குனதும் பாத்தங்க சார். எல்லாம் புரிஞ்சிடுச்சு. செஞ்சு பாக்கத்தான் இங்க ஒன்னுமில்லீங்க."