நாலு எட்டுத் தூரம்

“அந்தச் செவுத்துல முதுகை வெச்சு நில்லுங்ண்ணா. அப்புடியே இக்கட்டால நடந்து வாங்க, உங்க ஊட்டு ஹால்ல நடக்கற மாதிரி” என்கிறார் விமலாராணி. கேமரா வாங்க வந்தவர் திருதிருவென்று விழித்தபடி நடக்கிறார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவருடைய எட்டுகளை எண்ணிக்கொண்டே வருகிறார் விமலாராணி. ஐந்தாவது எட்டில் அவர் தானாகவே நின்றுவிடுகிறார்.

“இதுக்கு மேல டிவி ஸ்டேண்டுங்க.”

“அஞ்சு எட்டு. ஊட்டுல எத்தனை பேருங்?”

“எல்லாரும் வந்தா பதினொண்ணுங்க.”

விமலாராணியின் கை கண்ணாடி அலமாரிக்குள் போகிறது. வந்தவர் விரலை நீட்டிக் கேட்ட லென்ஸ் முழங்கை நீளத்துக்கு மினுமினுவென்று நிற்கிறது. அதைத் தாண்டிப் போன கை, அவர் கண்ணிலேயே படாத ஒரு குட்டை லென்சை எடுத்து மேசைமேல் வைக்கிறது.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது அந்தக் கடை. பதினொரு வருடமாக விமலாராணி அங்கே கேமரா விற்கிறார். கடையின் வெள்ளைத் தரையில் மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவை ஒட்டி ஒரு வீட்டையே வரைந்து வைத்திருக்கிறார். சிவப்பு நாடா சோபா. மஞ்சள் நாடா டிவி. கடையின் நடுவே குறுக்காக ஓடும் பச்சை நாடா வாசப்படி. உடன் வேலை பார்க்கும் கிருபாசங்கருக்கு அந்தப் பச்சை நாடாவைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. யார் தாண்டினாலும், “செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளாற வாங்க, இப்பத்தான் ஊடு கூட்டிச்சு” என்பார். வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே செருப்போடு தாண்டுவார்கள். இதுவரை ஒருவரும் கழற்றியதில்லை.

லென்ஸ் பெரிதானால் படத்தில் நிறையப் பேர் அடங்குவார்கள் என்பது வருகிறவர்களில் பாதிப் பேரின் நம்பிக்கை. மச்சான் வைத்திருப்பதைவிட ஒரு விரற்கடையாவது நீளமாக வேண்டும் என்பது மீதிப் பேரின் நம்பிக்கை. விமலாராணி இரண்டு சாராரிடமும் வாதாடுவதில்லை. நீள லென்சை மாட்டி, “மொதலாளியோட சேத்து எங்க மூணு பேரையும் ஒண்ணாப் புடிங்க பாப்போம்” என்று கேமராவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கண்ணை வைத்தால் கிருபாசங்கரின் மூக்கு மட்டும் தெரியும். பின்னால் நகர்வார்கள். மூக்கோடு மீசை தெரியும். இன்னும் நகர்வார்கள். மூவரும் முழுதாகத் தெரியும்போது வாங்க வந்தவர் கடைக்கு வெளியே, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருப்பார். “லென்சு நீள நீள ஊடு சுருங்கிப்போகுமுங்ண்ணா” என்பார் விமலாராணி, உள்ளேயிருந்து.

புதிதாகக் கேமரா வாங்குகிற குடும்பத்துக்கு அவர் சொல்வது அநேகமாக ஒன்றுதான். ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர். போதும், ஒரு கை மாறியதாக இருந்தாலும் பழுதில்லை. கூடவே வரும் பதினெட்டு-ஐம்பத்தைந்து லென்ஸ் விசேஷ வீட்டுக் கூட்டத்துக்கு. தனியாக ஐம்பது எம்.எம். ஒன்று, முகத்துக்கு. மெகாபிக்சல் கணக்கைக் கிருபாசங்கர் ஒப்பிக்கத் தொடங்கினால் குறுக்கே புகுந்துவிடுவார். “அதெல்லாம் இருக்கட்டுங். யாரைப் புடிக்கப் போறீங்க? அவிங்க நிக்கற ஆளா, ஓடற ஆளா?”

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பட்டம் இருக்கிறது. கூலிக்குக் காடு கொத்திய குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் விமலாராணி. இயற்பியல் படித்தார். குவிலென்ஸ் பாடத்தை உடன் படித்தவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்தார்கள். அவர் மறக்கவில்லை, அதை வைத்துத்தான் சம்பாதிக்கிறார். “இவ்வளவு படிச்சுப்போட்டுக் கடையில நிக்கறயா கண்ணு?” என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாராவது கேட்டால், “படிச்சதுனாலதானுங்க நிக்கறேன்” என்பார். முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது.

மூக்குக் கண்ணாடி போட்டவர் வந்தால் கேமராவைக் காட்டுமுன் அந்தக் கண்ணாடியை வாங்கி, லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்துக் கொடுப்பது அவருடைய இன்னொரு பழக்கம். சிலரை, “ஊட்டுக்குப் போயி எட்டு எண்ணிட்டு நாளைக்கு வாங்க” என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதும் உண்டு. கடை முதலாளி ரசாக் பாய் ஆரம்பத்தில் தலையில் கை வைத்தார். போனவர்கள் மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தபிறகு கையை எடுத்துவிட்டார்.

போன டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் மாரப்பன் வந்தார். காங்கேயத்தில் தேங்காய் காயவைக்கும் களத்தில் மேஸ்திரி. ஐம்பத்தெட்டு வயது, கையில் கட்டைப்பை, மூக்குக் கண்ணாடியில் களத்துப் புழுதி. நேராக அலமாரிக்கு வந்து நீள லென்சைக் காட்டினார்.

“அது வேணுங் அம்மணி.”

“யாரைப் புடிக்கறதுக்குங்?”

“பேத்தியைங்.”

“எத்தனை எட்டுத் தூரத்துலங்ண்ணா?”

மாரப்பனை நடக்கவிட வேண்டியிருக்கவில்லை. “நாப்பது. எண்ணிப் பாத்துட்டேனுங்க. பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் செவுத்துல இருந்து மேடைக்கு நாப்பது எட்டு.”

பேத்திக்கு நாற்பது எட்டு என்று யாரும் சொல்லி விமலாராணி கேட்டதில்லை. “உள்ளாற போயி முன்னாடி வரிசையில உக்கோந்துக்கலாமுங்களே?”

மாரப்பனின் பார்வை விமலாராணியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையில் நின்றது. “நீங்க வேதக்காரங்களுங்களா?”

“ஆமாங்.”

“எம் பொண்ணு பொற்கொடி கட்டிக்கிட்டதும் வேதக்காரப் பையனைத்தானுங்க. மெர்வின்னு பேரு. கருமத்தம்பட்டியில தறி ஓட்டறான். ஆறு வருசமாச்சு. ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னவன் நாந்தானுங்க.” ஒரு மூச்சு விட்டார். “வருசா வருசம் பள்ளிக்கூட விழாவுக்கு வாங்கப்பான்னு போன்ல போட்டுடுவா. நான் பதில் போடறதில்லீங்க. செவுத்தோரமா நின்னு பாத்துட்டு வந்துருவேன்.”

போன வருடம் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மேடைமேல் ஐந்தாறு புள்ளிகள். அதில் ஒன்று பேத்தி ஜெனிஷா. “எம் பொஞ்சாதி பொன்னாத்தா இதை விரல்ல இழுத்து இழுத்துப் பாக்கறாளுங்க. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து குடுங்கறா. நாளானிக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு விழா. இந்த வருசம் பட்டாம்பூச்சி டேன்ஸாமுங்க.”

கிருபாசங்கர் நீள லென்சுக்கு ஏற்ற பையை எடுத்து வைத்துவிட்டார். விமலாராணி கடிகாரத்தைப் பார்த்தார். அதே ஐந்தரைதான். லென்சைக் கேமராவில் மாட்டி மாரப்பனை வளாகத்தின் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனார். கிருபாசங்கரை நாற்பது எட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

“பட்டாம்பூச்சி மாதிரி ஆடுங்க சங்கர்.”

“அம்மணி, தொண்ணூறு கிலோ பட்டாம்பூச்சியா?”

“ஆடுங்க, ஆடுங்க. போன மாசம் மச்சினன் கல்யாணத்துல ஆடினீங்கல்ல.”

ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்க்க, கிருபாசங்கர் கைகளை விரித்து ஆடினார். மாரப்பன் படமெடுத்தார். திரையில் பார்த்தால் நீலச் சட்டை புகைபோல இழுபட்டிருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு தீற்றல்.

“இதென்னங், ஆவி மாதிரி?”

“பகல்ல இது அருமையாப் புடிக்குமுங்ண்ணா. பொழுது எறங்கிட்டா இதுக்கு வெளிச்சம் பத்தாது. கம்பியில உக்கோந்திருக்கற காக்காயைப் புடிக்கும். ஆடற புள்ளையைப் புடிக்காது.”

“நாப்பது எட்டுல இருந்து இந்த வெளிச்சத்துல புடிக்கறதே இல்லீங்களா?”

“இருக்குதுங்க. மூணு தேங்கா கனம். அதைத் தூக்கிட்டுச் செவுத்தோரமா நின்னீங்கன்னா, மொத்தப் பள்ளிக்கூடமும் மேடையை உட்டுப்போட்டு உங்களைத்தான் பாக்கும்.”

மாரப்பன் லேசாகச் சிரித்தார். கடைக்குள் திரும்பியதும் விமலாராணி நீள லென்சைக் கழற்றி ஐம்பது எம்.எம்.மை மாட்டினார். அரைமூடித் தேங்காய் அளவுகூட இல்லை அது.

“இது புடிக்குமுங்க. மேடை வெளிச்சமே போதும். ஒவ்வொரு பல்லும் எண்ணலாம். ஆனா ஒண்ணு, நாலு எட்டுல நிக்கோணும்.”

“நாலு எட்டா?” மாரப்பன் லென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவ்வளவு கிட்டத்துல போனா பொற்கொடியும் இருப்பாளுங்களே.”

“இருப்பாங்க.”

“அந்தப் புள்ள என்னைப் பாத்து யாருன்னு கேக்குமுங்களே.”

“அப்புச்சின்னு சொல்லோணுமுங்க” என்றார் விமலாராணி. அம்மாவின் அப்பாவை அந்தப் பக்கத்துக் குழந்தைகள் கூப்பிடும் அந்த வார்த்தையை, பேட்டரி போடும் இடத்தைச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார்.

விமலாராணி மாரப்பனின் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் புழுதி போகத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். கொடுத்துவிட்டு, நீள லென்சை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“ஒருக்காப் புடிச்சுப் பாக்கட்டுங்களா?” என்றார் மாரப்பன்.

“பாருங். நாந்தான் உங்க பேத்தி.” விமலாராணி சிவப்பு நாடாவின் மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மாரப்பன் கடை வாசலில் நின்று கேமராவில் கண்ணை வைத்தார்.

“தெரியறேனுங்களா?”

“சின்னதாத் தெரியறீங்க.”

“கிட்ட வாங்க.”

ஓர் எட்டு வைத்தார். இன்னும் ஒன்று. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே வந்தவர் பச்சை நாடாவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். கிருபாசங்கர் வழக்கமான வசனத்துக்கு வாயைத் திறந்து, மாரப்பனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மாரப்பன் கேமராவைத் தாழ்த்தினார். காலடியில் ஓடிய பச்சைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோல்செருப்பு இரண்டையும் கழற்றி, கோட்டுக்கு வெளியே ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே எட்டு வைத்தார்.