அல்ஜியர்ஸிலிருந்து வந்த வெள்ளைத் துணி

என் தம்பி கல்யாணம் முடிந்த கையோடு வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போனவன். போனது லாரி ஓட்ட. எங்கள் தென்காசிப் பக்கம் மாட்டு வண்டியைக்கூட நேராக ஓட்டத் தெரியாதவன் என்று அப்பா அவனைக் கேலி செய்வார். அவனோ கப்பலேறி, பாலைவனம் தாண்டி, அல்ஜீரியா என்ற நாட்டில் துறைமுகத்துக்கும் முகாமுக்கும் மூட்டை சுமக்கும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த நாட்டின் பெயரை எங்கள் அம்மா கடைசி வரை சரியாகச் சொன்னதில்லை. "அவன் இருக்க ஊரு" என்பாள், அவ்வளவுதான்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மேலகரத்தில். வாரம் ஒரு நடை அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி வந்திருந்த ஒரு சாரல் நாளில்தான், தம்பியோடு பட்டாளத்தில் இருந்த ராயகிரிக்காரர் ஒருவர் வந்தார். கையில் காயம் பட்டு விடுப்பில் திரும்பியவர். தம்பி தன் பெண்டாட்டிக்குக் கொடுத்தனுப்பியது என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

தம்பி பெண்டாட்டி அடுக்களையை விட்டு ஓடி வந்தாள். கையில் மாவு. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. அம்மாதான் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சேலையைவிட அகலமாக, நீளமாக, தையலே இல்லாத ஒரே துணி. பாலாடை போல மெல்லிசு. நெடுகப் பட்டு இழை ஓடியது. ஓரத்தில்கூட ஒரு பொட்டு நிறம் கிடையாது. முழு வெள்ளை.

நெருப்பில் கை வைத்தவள் மாதிரி அம்மா துணியை விட்டுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இது? தாலி கட்டுன புள்ளைக்கு வெள்ளையா குடுத்து விட்டிருக்கான்? அவனுக்குக் கோட்டி புடிச்சிருக்கா?"

பாவம் அந்த மனிதர், காப்பித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஆச்சி, கோவப்படாதீய. அங்கன முறை வேற. ஹாயிக்னு சொல்லுதாவ இதை. அல்ஜியர்ஸ்ல புருசன் இருக்க பொம்பளைக எல்லாரும் வெளிய போனா இதைத்தான் போத்திக்கிட்டுப் போறாக. அரைப் பட்டு, முழுப் பட்டுன்னு வசதிக்குத் தக்கன இருக்கு. கல்யாணப் பொண்ணுக்குச் சீரே இதுதான்."

"அப்பம் அங்கன துக்கத்துக்கு என்ன கட்டுதாக?" என்று நான் கேட்டேன்.

"அதாம்மா வேடிக்கை. மலைக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டன்டைன்னு ஒரு ஊரு. அங்கன தெருவுல பாத்தா பொம்பளைக எல்லாம் கறுப்பு. ஏன்னு கேட்டேன். எந்தக் காலத்துலயோ அவுகளை ஆண்ட நல்ல மனுசன் ஒருத்தரைக் கொன்னுட்டாங்களாம். அவருக்காகக் கட்டுன கறுப்பை இன்னும் அவுக்கலைங்காக. பேத்திக்குப் பேத்தி, அதே கறுப்பு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது. ஆம்பிளைகள் போடுவதையும் சொன்னார். தலைக்குல்லாவோடு சேர்த்து நெய்த கம்பளிப் போர்வையாம், பெயர் புர்னூஸ். நம் குற்றாலச் சாரலுக்கு அதைப் போட்டுக்கொண்டால் குடை வேண்டாம் என்றார். வீட்டுப் பெண்களே நெய்வார்களாம். மகளை அனுப்பும் நாளில் தகப்பன் தன் புர்னூஸை விரித்துப் பிடிக்க, கோழிக்குஞ்சு மாதிரி அவன் அக்குளுக்குள் நுழைந்துதான் பெண் வாசல் தாண்டுவாளாம். பிரெஞ்சுப் பரங்கிக்காரன் நூறு வருஷமாக ஆண்டும் இந்த உடுப்புகளைக் கழற்ற முடியவில்லை. கழற்றச் சொல்லச் சொல்ல இறுக்கிப் போர்த்துகிறார்கள் என்றார். இத்தனையும் சொல்லி, தன் தோள் துண்டைத் தலையில் போட்டு ஒரு நுனியைப் பல்லில் கடித்து, அந்த ஊர்ப் பெண்கள் நடக்கிற மாதிரி நடந்தும் காட்டினார். தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"அந்த ஊரு முறை அந்த ஊருக்கு. என் வீட்டுக்குள்ள இது இருக்கக் கூடாது. சிகப்புல முக்கிக் கட்டட்டும், இல்லன்னா சிற்றாத்துல விடட்டும்."

எங்கள் வீடுகளில் வெள்ளை என்றால் ஒன்றே ஒன்றுதான். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற கோடித் துணி. வேறு அர்த்தமே கிடையாது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஒற்றை மகன் குண்டுக்கு நடுவில் இருக்கிறான். காக்கை இடமிருந்து வலம் போனாலே வாசலில் சூடம் கொளுத்துகிறவள் அவள்.

சிவப்பில் முக்க மட்டும் தம்பி பெண்டாட்டி சம்மதிக்கவில்லை. அதிர்ந்து பேசாத பெண். அன்றைக்குத்தான் முதன்முதலாக எதிர்த்து ஒரு சொல் சொன்னாள்: "அவுக பாத்து வாங்குனது எப்படியோ அப்படியே இருக்கட்டும் அத்தை."

இரண்டு பேருக்கும் நடுவில் வழி சொன்னவள் நெசவுத் தெரு ராத்தா. அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள் அந்த முஸ்லிம் தெருவில். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவளும் அவள் தெருப் பெண்களும் வாசலைத் தாண்டினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டுதான் போவார்கள். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட குடுங்க ஆச்சி, எங்க வீட்டுல வெள்ளைக்கு ஒரு தோசமும் இல்ல. உம்ம மவன் வரட்டும், அவனே வந்து கேட்டு வாங்கிக்கிடட்டும்" என்று எடுத்துப் போனாள்.

அதன் பிறகு தம்பி பெண்டாட்டிக்கு நெசவுத் தெருவில் வேலை கூடிப்போனது. தவிடு கொடுக்கப் போனேன் என்பாள், புளி கேட்டு வந்தேன் என்பாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ராத்தா வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் அந்தத் துணியைத் தலை முதல் கால் வரை சுற்றிக்கொண்டு நின்றாள். ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்படி இருக்கு மதினி?"

"மூஞ்சியே தெரியல, எதைப் பாத்துச் சொல்லட்டும்?"

"அங்கன இப்படித்தானாம். என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா அவுக பின்னால இப்படித்தானே கடைத்தெருவுல நடந்திருப்பேன்?" என்று தறிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் மேலும் கீழும் நடந்தாள். ராத்தாவின் மகள் கை கொட்டினாள்.

அந்த ஆவணியில் இன்னும் துணிந்துவிட்டாள். ராத்தா வீட்டுப் பெண்கள் குற்றாலத்துக்குக் கிளம்ப, அவளும் அவர்களோடு அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அருவிக்கா போறீய? வழுக்கும், பாத்துப் போங்க தாயி" என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். வெள்ளைக்குள்ளிருந்து அவள் மருமகளும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க உள்ளே ஓட வேண்டியிருந்தது.

அடுத்த சாரல் வருவதற்குள் தந்தி வந்தது. தம்பியின் பட்டாளத்தை இத்தாலிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லாரியோடு போய்விட்டான். உடம்பும் வரவில்லை, தூக்க ஆளும் வேண்டியிருக்கவில்லை. வெறும் வாசலில் உட்கார்ந்து அழுதோம்.

"அந்தத் துணி வந்தன்னைக்கே சொன்னேனே" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. மறுத்து என்ன ஆகப்போகிறது?

கோடி போடும் நாள் வந்தது. தம்பி பெண்டாட்டியின் அண்ணன்மார் முரட்டு மல் துணி ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"நெசவுத் தெருவுக்குப் போயி அதை வாங்கிட்டு வாட்டி."

"எதைம்மா?"

"எம் புள்ளை அனுப்புனதை. போடுதது போடுதோம், அவன் கையால வந்த வெள்ளையாவது அவ மேல கெடக்கட்டும். இனிமே அவன் வாங்கித் தர என்ன இருக்கு?"

கோபத்தில் சொன்னதல்ல அது. அவளுக்கு மிஞ்சியிருந்த பிரியம் அது ஒன்றுதான். சுற்றியிருந்த பெண்களும் அதுதான் சரி என்று அழுதார்கள். நான் போய் வாங்கி வந்தேன். ராத்தா மடித்து, வசம்புத் துண்டு வைத்துக் கட்டியிருந்தாள். பூச்சி ஒரு இழையைக்கூடத் தொடவில்லை.

முக்காட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவள் துணியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இதை எம் மேல போடாதீய அத்தை."

"உம் புருசன் வாங்குனதும்மா."

"தெரியும். நான் கட்டிச் சிரிச்சுக்கிட்டு நடக்கணும்னு வாங்குனது. இதுக்கு வாங்கல." அண்ணன் கையிலிருந்த மல் துணியைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இது போதும் எனக்கு."

அம்மா துணியை மடித்து என் கையில் கொடுத்தாள். துணி மறுபடி நெசவுத் தெருவுக்கே போனது.

மறு வருஷம் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை செங்கோட்டை. தம்பி பெண்டாட்டி என்னிடம்தான் சொல்லியனுப்பினாள்: புருஷன் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெண் இதைப் போர்த்திக்கொண்டு போகட்டும், இனி இது அவளுடையது. விஷயம் தெரிந்து அம்மா பதறிப்போய் ராத்தா வீட்டுக்கே போனாள். "வேண்டாம் தாயி, வாழப்போற புள்ளை. எம் புள்ளையக் கொண்டுபோன துணி இது."

ராத்தா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஆச்சி, உம்ம மவனைக் கொண்டுபோனது சண்டை. துணி என்ன செய்யும்?" அம்மா எழுந்து வந்துவிட்டாள். நம்பினாளா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

பெண்ணை வழியனுப்பிய அன்று வில்வண்டி எங்கள் தெருமுனையில் நின்றது. மணப்பெண் முன்னால் வரக் கூடாது என்று தம்பி பெண்டாட்டி உள்ளறையை விட்டு அசையவில்லை. கதவும் சாத்தியிருந்தது. நான் ஜன்னலில் நின்றேன்.

"ஏறியாச்சா மதினி?"

"இல்ல. இப்பம்தான் தெருவுக்கு வந்திருக்கா."

"நுனி மண்ணுல இழுபடுதா? அவ கட்டை, துணி நீளம்."

"ராத்தா கையில தூக்கிப் புடிச்சிருக்கா. இழுபடல."

"மூஞ்சி தெரியுதா?"

"வண்டியில ஏறயில ஒரு தடவை விலகுச்சு."

"அழுதாளா?"

"அழுதுக்கிட்டேதான் இருந்தா. சின்னவ எவளோ என்னமோ சொல்லவும் சிரிச்சுட்டா."

வண்டி கிளம்பியது. மாட்டு மணிச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "சரி மதினி, அத்தைக்குக் கஞ்சி குடுக்கணும், நேரமாச்சு" என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.