லீவு நாளில் மாத்திரைக்கும் லீவு

பனியன் கம்பெனி நர்சுக்குப் பண்டிகை முடிந்த பிறகுதான் பண்டிகை வரும். லீவு முடிந்து கேட் திறந்ததும் தலைசுற்றல், உப்புசம், கிறுகிறுப்பு என்று என் முதலுதவி அறை வாசலில் கூட்டம் நிற்கும். எனக்கும் சர்க்கரை உண்டு. அதிரசத்தைக் கண்டால் நாக்கில் நீர் ஊறும் உங்களில் நானும் ஒருத்தி என்பதால், யாரையும் ரொம்ப அதட்ட மனசு வராது.

பொரி

ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரியும் லட்டும் கொடுப்பார்கள். சர்க்கரை உள்ள கட்டிங் மாஸ்டர் பழனிசாமி அண்ணன் லட்டைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுக்கிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் மயக்கமாக வருகிறது என்று வந்தார். பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. லட்டுக்குப் பதிலாக மத்தியானம் முழுக்கப் பொரியை அள்ளி அள்ளித் தின்றிருக்கிறார்.

"கையில எடையே தெரியலீங்களே சிஸ்டர், இதுலீங்களா சர்க்கரை ஏறும்?"

ஒரே ஒரு அதிரசம்

செக்கிங் செக்‌ஷன் எஸ்தர் அக்கா சாத்தான்குளம் பக்கத்துக்காரர். இதே கம்பெனியில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரோடு நல்லூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறார். கால் விரலில் புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. விரல் போனால் வேலையும் போன மாதிரிதான். அவரும் வாயைக் கட்டிச் சர்க்கரையைக் குறைத்து வைத்திருந்தார். தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால், புண் மறுபடி சிவந்திருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பலகாரத்தில் ஒரே ஒரு அதிரசம்தான் தின்றேன் என்றார். நான் நம்பவில்லை, கோபமாகவே பேசிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"நீங்க நம்ப மாட்டியன்னு தெரியும் சிஸ்டர். அதான் அந்த ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிட்டேன்."

மணி

மறக்கக் கூடாதென்று, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மாத்திரை போட வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் பழக்கி வைத்திருக்கிறேன். டிபன் பாக்ஸோடு மாத்திரையும் வரும். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க அக்கா, தீபாவளி லீவுல மாத்திரை எப்பப் போட்டீங்க?" என்று சும்மாதான் கேட்டேன். போடவில்லை என்றார், காரணமும் சொன்னார். வெளியே வந்து மற்றவர்களையும் விசாரித்தேன். அத்தனை பேர் மாத்திரையும் டிபன் பாக்ஸ் பையிலேயே தூங்கியிருக்கிறது. ஞாயிறு ஒரு நாள் விட்டதை உடம்பு எப்படியோ தாங்கியிருக்கிறது. தீபாவளி லீவென்று வாரக்கணக்கில் விட்டால் தாங்குமா? எஸ்தர் அக்கா சொன்னதுதான் எல்லாருடைய பதிலும்.

"கம்பெனி லீவுல்லா சிஸ்டர், மணியே அடிக்கலையே."

கிறிஸ்துமஸ்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் வருகிறான், அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் பிரியாணி தின்னக் கூடாதா என்று எஸ்தர் அக்கா கேட்டபோது, கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டில் பாதிக்குப் பொரியலும் பச்சடியும், பிறகு கறி, கடைசியில் கொஞ்சமாகப் பிரியாணி, கேக் ஒரே ஒரு துண்டு என்றேன். கூடவே, கம்பெனி மணிச் சத்தத்தை என் போனில் பிடித்து, சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அலாரமாக வைக்கச் சொன்னேன்.

லீவு முடிந்து வந்தவருக்குக் கட்டைப் பிரித்தபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது. விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஸ்தர் அக்காவுக்கோ சிரிப்பு.

"மாத்திரை போட்டுட்டேன் சிஸ்டர். ஆனா மணி அடிச்ச ஒடனே எங்க வீட்டுக்காரவுக பிரியாணித் தட்டை வச்சிட்டு டிபன் பாக்ஸைத் தேடுதாவ!"

டாக்டர் சொல்லியும் கேட்காத உடம்பு கம்பெனி மணிக்குக் கட்டுப்படுகிறது என்றால், பண்டிகை நாளிலும் நாமெல்லாம் டூட்டியில்தான் இருக்கிறோம் போலிருக்கிறது.