முழுக்கால் சட்டையும் சிறுநீர்ப்பையும்: ஓர் ஈப்போ பயணம்

என் வீட்டுக்காரர் மணியத்துக்குச் சிறுநீரில் இரத்தம் போக ஆரம்பித்தபோது, சூடு என்று சொல்லி இளநீராகக் குடித்துத் தள்ளினார். பிறகு கிருமிக்கு மாத்திரை, அதற்கும் நிற்கவில்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருந்ததால் ஈப்போ நிபுணரிடம் அனுப்பினார்கள். புற்றுநோய் என்ற வார்த்தையை நாங்கள் இருவருமே வாயில் எடுக்கவில்லை.

எங்கள் ஊரான பாகான் டத்தோவிலிருந்து ஈப்போ ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். பெட்ரோலுக்கு முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், போதும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், நான்தான் ஓட்டினேன். வழக்கமாக என் ஓட்டத்தில் நூறு குறை சொல்லும் மனுஷன் அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் இளம்பெண், நம் தமிழ்ப் பெண். எல்லாம் கேட்டுவிட்டு, "கால்ல புள்ளி ஏதாச்சும் இருக்கா அங்கிள்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல லா. தோட்டத்து வேலையில செம்பனை முள்ளு குத்துன தழும்புதான்."

"காட்டுங்களேன், இங்க என்ன வெக்கம்?" என்றேன் நான்.

முழுக்கால் சட்டையைச் சுருட்டினார். கணுக்காலிலிருந்து மேலே ஊதா நிறப் புள்ளிகள், இரண்டு காலிலும்.

"வேலைக்கு பூட்ஸ் போடுவீங்களா?"

"முட்டி வரைக்கும் போடுவேன்."

"அப்புறம் முள்ளு எப்படி உள்ள போச்சு?"

அந்த பூட்ஸை வாராவாரம் கழுவுகிற எனக்கும் அது தோன்றவில்லையே!

இரத்தக் குழாய்களே அழற்சியாகும் நோயாக இருக்கலாம், சிறுநீர்ப்பையில் வருவது மிக அபூர்வம் என்றார் டாக்டர். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்துச் சிறு துண்டு எடுத்தார்கள், காலிலிருந்தும் எடுத்தார்கள். அடுத்த பயணத்தில் முடிவு வந்தது. டாக்டர் சந்தேகித்த நோய்தான், புற்றுநோய் இல்லை.

"அப்போ பைய எடுக்க வேணாமா?" என்று கேட்டார் இவர்.

"வேணாம் அங்கிள். மாத்திரைதான், ஆனா விடாம வந்து காட்டணும்."

இவர் அழுதுவிட்டார். நானும்தான். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு: மருத்துவமனையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்க ஏழரைக்குள் போய்விடுங்கள். பழைய ஸ்கேன் படங்களை எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் இளநீரை நம்பி உட்காராதீர்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே உடம்பில் இருப்பதையெல்லாம் காட்டிவிடுங்கள்.

திரும்பும்போது சிம்பாங் பூலாயில் தேநீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். சாலையில் ஏறியதுமே, "அந்த லாரிகிட்ட ஏன் இப்படி ஒட்டிக்கிட்டுப் போற?" என்றார். வீடு வரைக்கும் குறை சொல்வதை நிறுத்தவே இல்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.