நெற்றியில் பொட்டு வைத்த காரில் சாஆ வரை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் இருக்கும் மாசாயிலிருந்து புறப்பட்டோம். பின் இருக்கையில் என் மேக்கப் பெட்டிகள் இரண்டும், ஐஸ் பெட்டிக்குள் மல்லிகைச் சரமும் இருந்தன. முன்னால் இடது பக்கம் அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவேன், அவர் சேலை கட்டித் தலை பின்னுவார். வலது பக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது. ஜொகூர் பாருவைத் தாண்டி ஒரு வண்டியை நானே ஓட்டிப் போவது அதுதான் முதல் தடவை.

போக வேண்டிய ஊர் சாஆ, ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பத்தரைக்கு மேல் முகூர்த்தம், எட்டு மணிக்குப் பெண் என் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெளியூர்க் கல்யாணம் இது. இதுவரைக்கும் மாசாய், ஸ்கூடாய் என்று பக்கத்திலேயே வேலை. வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவார், கூட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு அவருக்குச் சிங்கப்பூரில் ஷிஃப்ட். வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றார். நானே ஓட்டிப் போகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். இந்த ஒரு தடவை போய்ப் பார்ப்பது. சரிப்படவில்லை என்றால் வெளியூர் வேலையே எடுக்கக்கூடாது. போதாக்குறைக்கு, "பயப்படாத, காரே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் நானும் அந்தக் காரைத்தான் நம்பியிருந்தேன்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வந்தது. நடுவில் பெரிய திரை. வழி சொல்கிறது, பாட்டுப் பாடுகிறது, போன் பேசுகிறது. வாயால் சொன்னால் கண்ணாடி இறங்குகிறது, குளிர் கூடுகிறது. விற்பனையாளர் தம்பி கடை வாசலிலேயே நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் காட்டினார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்றுதான். நெடுஞ்சாலையில் கார் கோட்டைத் தாண்டிப் போனால் அதுவே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி உள்ளே கொண்டுவருமாம். அதைக் கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. அதுவரை நான் அந்தக் காரைத் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் மட்டும்தான் ஓட்டியிருந்தேன்.

புறப்பட்டபோது திரையில் ஏதேதோ அறிவிப்பு வந்தது. இருட்டு, அவசரம், ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. "சரின்னு அமுக்கு, நேரமாவுது" என்றார் அண்ணி. அமுக்கினேன், போய்விட்டது. ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் மூலையில் நின்றது. இவ்வளவு விளக்கு எரிகிற வண்டியில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு ஏறும்போது மணி ஆறு. வழி சொல்லும் பெண்குரல் கொஞ்சமும் பதறாது. லாரி ஹார்ன் அடித்தாலும் ஒரே மாதிரிதான் பேசும். ஏழு முப்பத்தெட்டுக்குச் சாஆ போய்ச் சேருவோம் என்று திரையில் காட்டியது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம். செனாய் போயிற்று, கூலாய் போயிற்று. எண்பதிலேயே போனேன். எல்லாரும் என்னை முந்திப் போனார்கள். போகட்டும், முந்திப் போகத்தானே வலது பக்கம் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள்!

கூலாய் தாண்டியதும் அண்ணிக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. நான் மலாயில் "ஹலோ, புக்கா திங்காப்" என்றதும் ஜன்னல் இறங்கியதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், குளிர் தாங்கவில்லை என்று அவரும் ஆரம்பித்தார்.

"ஹலோ, இந்தக் குளுரக் கொஞ்சம் கொறைம்மா."

மன்னிக்கவும், புரியவில்லை என்று மலாயில் அது பதில் சொன்னது.

"என்னா விமலா, இவ்ளோ வெல குடுத்து வாங்கியிருக்க, நம்ம பாஷை தெரியலயே இதுக்கு?"

"மலாய்ல சொல்லுங்க அண்ணி. இல்லன்னா இங்கிலீஷ்."

"பசார்ல மீன் வாங்குற மலாய்தான் எனக்குத் தெரியும். அதச் சொன்னா கேக்குமா?"

கேட்டது! "ஹலோ, செஜூக் சங்காட் லா" என்று அண்ணி அலுத்துக்கொண்டார். ரொம்பக் குளிர்கிறது என்று அர்த்தம். உடனே குளிர் இரண்டு படி இறங்கியது. அண்ணி கைதட்டினார். அப்புறம் சும்மா இருப்பாரா? கூரைக் கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். அது திறந்து காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்ததும், "அலமாக்! மூடு மூடு, மல்லிப்பூ!" என்று தமிழில் அலறினார். தமிழ்தான் அதற்குப் புரியாதே. நான் சிரித்துக்கொண்டே மலாயில் சொல்லி மூடினேன். அண்ணி இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

பயமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மேளச் சத்தத்தோடு பழைய கல்யாணப் பாட்டுகள், இரண்டு பக்கமும் இருட்டில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்பு, கோட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகிற கார். எவ்வளவு நேராகப் போகிறது என்று அண்ணியிடம் பெருமை பேசினேன். "கையச் சும்மா வச்சிருந்தாப் போதும் அண்ணி, அதுவே போவுது" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சிம்பாங் ரெங்கம் அறிவிப்புப் பலகையைத் தாண்டிய பிறகுதான் அது நடந்தது. பாட்டை மாற்றத் திரையைத் தொட்டேன். கண்ணும் கையோடு போய்விட்டது. ட்ர்ர்ர்ர்ர் என்று கார் முழுக்க அதிர்ந்தது. இடது சக்கரம், சாலை ஓரத்தில் எச்சரிக்கைக்குப் போட்டிருக்கும் மேட்டு வரிகளில் ஏறியிருந்தது. காரே திருப்பும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அது திருப்பவில்லை. நான்தான் வெடுக்கென்று இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னை அமுக்கிக்கொண்டே முந்திப் போனார்.

புதுக் கார் நான்காம் நாளே கெட்டுவிட்டது, இனி எப்படி ஓட்டுவேன் என்றுதான் முதலில் தோன்றியது. மாச்சாப் ஓய்விடம் வந்ததும் உள்ளே திருப்பி, கண்ணில் பட்ட முதல் இடத்தில் நிறுத்தினேன். மணி ஆறே முக்கால். திரையில் ஏழு முப்பத்தெட்டு இப்போது ஏழு நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

விற்பனையாளர் தம்பிக்குப் போன் போடச் சொன்னேன். கார் போட்டது. நான்கு பக்கத்து ஸ்பீக்கரிலும் அவருடைய கொட்டாவி கேட்டது.

"அக்கா... சண்டேக்கா..."

"தம்பி, கார் ஸ்பாயில். கோட்டத் தாண்டுனா திருப்பும்னு சொன்னீங்கல்ல? திருப்பல."

"மஞ்சள் லைட்டு எரியுதாக்கா?"

"எரியுது. காலைலருந்து எரியுது."

"ஸ்பாயில்லாம் இல்லக்கா. முன் கேமரா மறைஞ்சிருக்கு. முன் கண்ணாடி உச்சியில, நடுவுல பாருங்க. எல ஏதாச்சும் ஒட்டியிருக்கும், இல்ல குருவி எச்சம்."

இறங்கிப் போய்க் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். எச்சமும் இல்லை, இலையும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் காருக்குப் பூசை போட்டோம். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது, விளக்குகளுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது. அப்போது அண்ணிதான் ஐயரிடம், "சாமி, நெத்தி நடுவுல நல்லா பெருசா வைங்க" என்றார். ஐயரும் எக்கி நின்று, முன் கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவில், ஐம்பது சென் காசு அகலத்துக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அப்பிவிட்டார். சரியாக அதற்குப் பின்னால்தான் கேமரா இருக்கிறது. காரின் கண்ணைப் பொட்டு வைத்து மூடிவிட்டோம். திரும்ப வந்து உட்கார்ந்து, பூசைக் கதையைத் தம்பியிடம் சொன்னேன்.

"பொட்டாக்கா?" தம்பிக்குத் தூக்கம் முழுசாகப் போய்விட்டது. "நேத்து சாயங்காலமேவா? அப்ப நேத்துலருந்தே அது வேல செய்யலக்கா."

"அப்ப மாசாய்லருந்து இங்க வரைக்கும்?"

"நீங்கதான் ஓட்டிட்டு வந்திருக்கீங்க."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். எண்பது கிலோமீட்டருக்கு மேல், இருட்டில், லாரிகளுக்கு நடுவே, நேராக. கார் ஓட்டுகிறது என்று நான் கூத்தாடிக்கொண்டு வந்த வழி முழுக்க என் கைதான் ஓட்டியிருக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பியது. பக்கத்தில் அண்ணி இல்லாவிட்டால் இறங்கி நின்று கத்தியிருப்பேன்.

ஆனால் பொட்டு அங்கேயேதான் இருந்தது. கேமரா மறைந்திருந்தால், எதிரே ஏதாவது வரும்போது தானாக பிரேக் போடுவதும் வேலை செய்யாது. துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். மேக்கப் பெட்டியைத் திறந்து ஈரத்துணியை எடுத்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நெத்திப் பொட்ட அழிச்சிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போறதா? நல்லாருக்கும்டி!"

"அண்ணி, நேரமாவுது."

"ஆவட்டும். இத மட்டும் நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும். வாதாடினால் முகூர்த்தமே முடிந்துவிடும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"அழிக்கல அண்ணி. எடம் மாத்துறோம். பொண்ணுக்குப் பொட்டு கோணலா ஒட்டிட்டா எடுத்து நேரா வைக்க மாட்டோமா? அந்த மாதிரி."

அண்ணி யோசித்தார். பிறகு அவரே பெட்டிக்குள் கைவிட்டு, மணப்பெண்களுக்கு வைத்திருக்கும் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தார். இருப்பதிலேயே பெரிய அரக்குப் பொட்டைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடியின் கீழ்மூலையில், தன் பக்கமாக, முதலில் அதை ஒட்டினார். கார் ஒரு நிமிஷம்கூடப் பொட்டில்லாமல் நிற்கக்கூடாதாம். அதற்குப் பிறகுதான் மேல் பொட்டைத் துடைக்க விட்டார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. கல்யாண மேக்கப்பைக் கலைக்கிற எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன், வந்துவிட்டது. அண்ணி ஓடிப்போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு வாங்கி வந்தார். ஒரு டீ இரண்டு ரிங்கிட் எண்பது சென். எங்கள் மாசாய்க் கடையைவிட அதிகம். வாய் சுடச்சுடக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. திரை எட்டு ஐந்து என்று காட்டியது.

எட்டு ஐந்தா! ஆயர் ஹித்தாம் வரைக்கும் நான் எண்பதை மறந்து தொண்ணூற்றைந்தில் போனேன். பொழுது விடிந்து செம்பனை ஓலைகளெல்லாம் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. மெதுவாகப் போன ஒரு டேங்கர் லாரியை நானே முந்தினேன். திரும்ப இடது பாதைக்கு வந்தபோது ஸ்டியரிங் என் கைக்குள் இலேசாக அசைந்து, காரை உள்பக்கம் தள்ளியது. திடுக்கிட்டுப் போனேன்.

"என்னா?" என்றார் அண்ணி.

"அது அண்ணி. இப்பதான் மொதல்முறையா வேல செய்யுது."

"நல்லாருக்கா?"

"யாரோ கையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. எனக்குப் புடிக்கல."

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பழைய சாலை. லாபிஸ் போகிற வழி இது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்கள். ஒரு தடவை மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் சட்டென்று எங்கள் முன்னால் நுழைந்தான். நான் பிரேக் போட்டதும் கார் வீச்சென்று கத்தியதும் ஒரே நேரத்தில் நடந்தது. அப்போது மட்டும், காரின் கண்ணைத் துடைத்துவிட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அண்ணியும் தன் பக்கத்துப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரவருக்கு ஒரு நம்பிக்கை.

சாஆ வந்தது. ஒரு கடைத்தெரு, ஒரு பெட்ரோல் நிலையம், அதைத் தாண்டி வீடுகள். வாழைமரம் கட்டிய வாசலுக்கு நேர் எதிரே, நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அந்தப் பதறாத குரல் சொன்னது. மணி ஏழு ஐம்பத்தெட்டு. பெண் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டீங்களாக்கா" என்று அவள் விட்ட பெருமூச்சை என்னால் மறக்க முடியாது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. பத்து மணிக்கு அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, அழுதால் மை கலையுமா என்று கேட்டாள். கலையாது, தாராளமாக அழு என்றேன்.

பெண்ணைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் பசியாற உட்கார்ந்தோம். இட்லி, வடை, கேசரி. பெக்கோக்கிலிருந்து வந்திருந்த பெண்ணின் சித்தி ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கும் வர முடியுமா, அவ்வளவு தூரம் வருவீர்களா என்று கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்வேன். அன்றைக்கு, "வருவேன்" என்றேன்.

கை கழுவிவிட்டுப் பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது பெண்ணின் அம்மா கையில் ஒரு பொட்டலத்தோடு ஓடிவந்தார். கல்யாண வீடுகளில் வெளியே வண்டியில் காத்திருப்பவரை மறந்துவிடக்கூடாது என்று இப்படித்தான் கட்டிக் கொடுப்பார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க, அவர உள்ள கூப்புட மறந்துட்டோம். டிரைவர் எங்க? இத அவர்கிட்ட குடுத்துருங்க."

அண்ணிதான் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டே என்னைக் காட்டினார்.

"டிரைவர் இந்தா நிக்குது பாருங்க. அதுக்கிட்டயே குடுங்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு கதவை மூடினேன். கார் விழித்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டது. கொஞ்சம் பொறு என்று தமிழிலேயே சொன்னேன். வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு இட்லியையும் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டேன். டிரைவருக்கென்று கட்டிக் கொடுத்தது. அதை டிரைவர்தானே சாப்பிட வேண்டும்.