நினைப்பில் கடந்த மரப்பாலம்

எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகள் விழாமல், முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம். வீட்டிலோ, என் ஒன்பது வயது மகள் வெறும் சிமெந்துத் தரையில் தடுக்கி விழுவாள். பந்தை வீசினால், கையைச் சேர்ப்பதற்குள் அது நெஞ்சில் பட்டுக் கீழே கிடக்கும். சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டு. புத்தியில் குறையில்லை, கணக்கில் என்னையே மடக்குவாள். கையும் காலும்தான் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. குறுக்கே இரண்டு கித்துல் மரங்களைப் போட்டு, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டியிருப்பார்கள். சிங்களத்தில் ஏதண்ட என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். மழை பிடித்தால் எல்லாரும் ரோட்டைச் சுற்றித்தான் போவோம். மற்ற நாட்களில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் கல் அதிகம். மற்றப் பிள்ளைகள் அதில் ஓடியே போய்விடுவார்கள். என் மகளை மட்டும் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். அக்கரையில் அவள் வகுப்புப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாளும் கேலி செய்ததில்லை, அந்தத் தங்கங்களுக்கு நான் கடமைப்பட்டவள். ஆனாலும் இவள் தலையைக் குனிந்துகொள்வாள். தனியாகக் கடந்துபோய் அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். சிங்களப் பெண், என்னைவிட இளையவர். மகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், தத்தச் சொன்னார். இவளுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது.

"அம்மா, பிள்ளைய ரொம்ப உக்கார வச்சிருக்கீங்க. விழும்னு பயம். அதுனாலதான் கால்ல பெலன் இல்ல" என்றார் மிஸ்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளை வளர்ப்பதே என் தொழில், இவர் யார் சொல்ல என்று நினைத்தேன். அவர் பாட்டுக்கு அடுத்ததைச் சொன்னார். லயத்துப் படிகளில் ஏறி இறங்க வேண்டும், பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தினமும் கண்ணை மூடி, மனசுக்குள் ஏதண்டயைக் கடந்து பார்க்க வேண்டுமாம்.

படிப் பயிற்சி நன்றாகவே நடந்தது. நாளாக ஆக மூச்சு வாங்குவதும் குறைந்தது. நினைப்புப் பயிற்சிதான் நகரவில்லை. சாயங்காலம் பிள்ளைக்காம்பரா வாசலில் கண்ணை மூடி உட்காருவாள்.

"எங்க நிக்கிற?"

"நடுவுல."

"அப்புறம்?"

"விழுந்துட்டேன்."

தினமும் இதே கதை. ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "நெனப்புலகூடவா விழுவ? அங்க என்ன கல்லா கெடக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே அழுதாள்.

அடுத்த தடவை மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகளிடம் குனிந்து, "மனசுல பாக்குறப்போ உன் கால் தெரியுதா, மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டார்.

"மூஞ்சி தெரியுது மிஸ்."

"அப்போ நீ எங்க நின்னு பாக்குற?"

"அம்மா நிக்கிற எடத்துல."

பிள்ளை தன்னையே என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போது விழுவாளோ என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு அவள் விழாமல் எப்படிப் போவாள்?

"உன் கண்ணால பாரு. உன் கால், உன் விரல், மூங்கில். அது மட்டும் போதும்" என்றார் மிஸ். அவ்வளவுதான் அவர் செய்தது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏதண்டயில் மெதுவாக நடந்து பார்த்தேன். அவளிடம் என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமே. எத்தனை வருஷமாகக் கடக்கிறேன், அதன் பட்டை இவ்வளவு சொரசொரப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் அவளிடம் காலைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"பெருவிரல் சில்லுன்னு இருக்கு. மூங்கில்ல கணு வருது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு பல நாள் நான் பின்னாலேயே நடக்க, அவள் மூங்கிலை மட்டும் பிடித்துக் கடந்தாள். ஒரு காலையில், மழையில்லாத நாள், இக்கரையில் என்னை நிறுத்தினாள்.

"நீங்க வர வேணாம். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"விழுந்தா?"

"விழுந்தா கூப்புடுறேன்."

ஓடைக்கு முதுகைக் காட்டி, தேயிலை மலையைப் பார்த்து நின்றேன். சும்மா நிற்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் அவள் காலை வைத்து நானும் ஏதண்டயில் நடக்க ஆரம்பித்தேன். பட்டை, சில்லென்ற விரல், மூங்கில் கணு. ஒவ்வோர் அடியையும் நின்று நின்று வைத்தேன்.

"அம்மா, நான் வந்து ரொம்ப நேரமாச்சு. ஸ்கூலுக்குப் போறோம்" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

அப்போது நான் பாதிப் பாலம்கூடத் தாண்டியிருக்கவில்லை.