கெட்டி, பொக்கு

பூச்சு உள்ளே விட்டுப்போன சுவரைத் தட்டினால் ஒரு சத்தம், நன்றாக ஒட்டியிருக்கும் சுவரைத் தட்டினால் வேறு சத்தம். எந்த மேசனுக்கும் இது தெரியும். இதை ஓர் இயந்திரக் கைக்குக் கற்பிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கண்டிக்கு வெளியே ஆற்றோரம் இருந்த ஆய்வுகூடத்தில், வெளிநாட்டில் பாவித்து முடித்துக் கொடுத்துவிட்ட ஒரு கையோடு நான் இரண்டு வருடம் மாரடித்தேன். மனிதனும் அதுவும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். தோள் பட்டால் அது உடனே நிற்க வேண்டும். அதுவோ மின்சாரம் சற்றுக் குறைந்தாலே யாரும் தொடாமல் நின்றுவிடும். தொட்டால் சில வேளை நிற்காது.

கற்பிக்க வந்தவர் தெல்தோட்டைப் பக்கத்து மேசன். என்னிலும் நாலைந்து வயது மூத்தவர். சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தோம். அவர் இயந்திரத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டத்துக்குக் கொண்டுபோவார். அது தன் சின்னச் சுத்தியலால் தட்டும். பூச்சு ஒட்டியிருந்தால் அவர் “கெட்டி” என்பார், விட்டுப்போயிருந்தால் “பொக்கு” என்பார். எல்லாம் கசெற்றில் பதிவாகும். பிறகு நான் இருந்து கணினியில் ஏற்றுவேன்.

“மிஸ், இந்தக் கைக்குச் சோறு போடத் தேவையில்ல, சரி. ஒரு காதாவது வச்சுக் குடுத்திருக்கலாம்ல?” என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பேராசிரியர் ஒவ்வொரு கிழமையும் எத்தனை கட்டம் முடிந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கிழக்குச் சுவரைத் தட்டிப் பதிவெடுத்தபோது லொறி ஹோர்னில் பாதிச் சத்தம் மூழ்கிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, சுவரின் வரைபடத்தையும் கசெற்றையும் அவரிடமே கொடுத்தேன். வீட்டில் ஆறுதலாகப் போட்டுக் கேளுங்கள், பொக்கு என்று நிச்சயமான கட்டங்களில் சிவப்புப் பேனையால் புள்ளடி போடுங்கள் என்றேன். நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அது எங்கும் குண்டுப் பயமாக இருந்த காலம். என் மகன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பையை ஒவ்வொரு காலையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு துண்டு வயர் கொண்டுபோகக்கூட விடமாட்டேன். அதே நான், அரசாங்கக் கட்டடம் ஒன்றின் படத்தை, தமிழில் தலைப்பு எழுதி, சிவப்புப் புள்ளடி போடச் சொல்லி, தட்டலும் தமிழ்ச் சொல்லுமாக மாறி மாறி வரும் கசெற்றோடு ஒரு தமிழரின் பையில் வைத்து பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை அவருடைய மனைவி ஒரு கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மிஸ், இன்னைக்கு வேலைக்கு வர்ற வழியில அவங்கள செக் பொயின்ட்ல புடிச்சுட்டாங்க. பையில ஏதோ படம் இருந்துச்சாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்.”

வருகிறேன் என்றேன். போகவில்லை.

அவரிடம் எங்கள் ஆய்வுகூடத்து அனுமதி அட்டை இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அதற்கான படிவமும் அவர் கொண்டுவந்து தந்த இரண்டு புகைப்படங்களும் என் மேசை லாச்சியில் கிடந்தன. கட்டங்கள் முடியட்டும், பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அட்டை இல்லாத ஒருவருக்கு எங்கள் ஆள் என்று எப்படிக் கடிதம் கொடுப்பது என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் நாளைக்கு வரச் சொன்னது.

வீட்டில் கணவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீர் போய் என்னெண்டு சொல்லப் போறீர்? அது என்ர எழுத்து எண்டோ? பிறகு அவங்கள் இஞ்ச வருவாங்கள். வீட்டில வளந்த பொடியன் இருக்கிறான்.”

“அந்த மனிசனுக்கும் பிள்ளையள் இருக்குதப்பா.”

“நான் இல்லையெண்டே சொன்னனான்? கடிதம் வரட்டும்.”

கடிதம் வரட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் கிடைத்ததில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமைதான் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். என் தடுமாற்றச் சிங்களத்தில் விளக்கினேன். இயந்திரம் சுவரைக் கேட்கிறது என்றதும் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

“இதைத் தானே எழுதியதாக அந்த ஆள் மூன்று நாளாகச் சொல்கிறான்,” என்றார் சிங்களத்தில். “எழுதிக் காட்டு என்றால் தன் பெயரையே கோணலாக எழுதுகிறான். யார் எழுதியது?”

மகனின் முகம்தான் முன்னால் வந்தது. பிறகு, “நான்தான் சேர்” என்றேன்.

மேசனைக் கூட்டிவந்தார்கள். சேர்ட்டில் இரண்டு பொத்தான் இல்லை. ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

“சுவர் பேசுமாமே. பேச வை பார்ப்போம்,” என்றார் அதிகாரி.

மேசன் அறைச் சுவருக்குப் போய் மடக்கிய விரலால் தட்டினார். “கெட்டி.” நகர்ந்தார். “கெட்டி.” ஜன்னலுக்குக் கீழே குனிந்தார். “பொக்கு.” அதிகாரி எழுந்து தன் பேனையால் இரண்டு இடத்திலும் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். கான்ஸ்டபிளிடம் ஏதோ சொல்ல, அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஜன்னலுக்குக் கீழே குத்தினார். பாளமாகப் பூச்சு விழுந்தது. பின்னால் பொருபொருவென்று மண்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கட்டடம் புதியதாம். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரனைத் தூஷணத்தால் திட்டினார். “மிச்சத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும்,” என்றார்.

இரண்டு வருட ஆராய்ச்சியில் யாரும் அவ்வளவு ஆவலாக எங்கள் வேலையைப் பார்த்ததில்லை. மாலைவரை மேசன் அந்தக் கட்டடம் முழுவதையும் தட்டினார். நான் பின்னால் நடந்து பொலிஸ் தாளில் குறித்தேன். வலக்கை வலித்ததால் இடக்கையால் தட்டினார். ஏன் வலித்தது என்று நான் கேட்கவில்லை. அவர் குற்றமற்றவர் என்று கடைசிவரை யாரும் சொல்லவுமில்லை. உபயோகமானவர் என்பதால் விட்டார்கள்.

பஸ் நிலையம்வரை ஒன்றாக நடந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“தம்பிக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே மிஸ்?” என்று என் மகனைப் பற்றிக் கேட்டு அவர் முந்திக்கொண்டார்.

“இல்லை.”

“அதான் நான் எழுதுனதுன்னு சொன்னேன். நீங்க நேத்து வருவீங்கன்னு நெனச்சேன்.”

கோபமில்லாமல், பஸ் பிந்திவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். தெல்தோட்டை பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அதன்பின் அவர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன்; கலகெதரப் பக்கம் வீடு கட்டும் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறொரு மேசனை வைத்து மிச்சக் கட்டங்களை நிரப்பச் சொன்னார் பேராசிரியர். புதியவர் கெட்டி என்ற இடங்கள் பல எனக்கே பொக்காகக் கேட்டன. கிழக்குச் சுவரின் கீழ் வரிசைகளை வெறுமையாகவே விட்டு அறிக்கையைக் கொடுத்தேன். ஏனென்று எழுத அறிக்கையில் இடம் இருக்கவில்லை.

பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த மறுநாள் காலையே அந்தப் படிவத்தை அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அட்டை வந்தது. படத்தில் அவர் எல்லாப் பொத்தானும் பூட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருக்கிறார். வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அதனோடு ஒரு துண்டு இணைத்திருந்தார்கள். இன்னும் என் லாச்சியில்தான் கிடக்கிறது.